மல்லிகாவை வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தமிழ்த் துப்பறியும் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் ஆபீஸில் கைமாற்றி கைமாற்றிப் படித்தோம். சென்னையில் சின்னதாக ஒரு டிடெக்டிவ் ஏஜென்சி நடத்துகிறேன். என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதனால் 2017இல் வந்த ‘துப்பறிவாளன்’ பற்றிக் கட்டுரையாளர் எழுதியதைக் கொஞ்சம் கூர்ந்தே படித்தோம். விஷாலின் தொப்பி, சீன உணவகத்துச் சண்டை, வினயின் அமைதியான வில்லத்தனம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தவர், அனு இம்மானுவேல் நடித்த மல்லிகாவுக்கு மட்டும் படத்தில் பெரிய வேலையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி சரிதான். அவளுக்கு ஏன் வேலையில்லை என்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

படத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தப் படம் பிடிக்கும். நாயகனுக்குக் கணியன் பூங்குன்றன் என்று பெயர் வைத்து, ‘யாதும் ஊரே’ பாடிய புலவரைத் துப்பறிய அனுப்பும் துணிச்சல் இயக்குநர் மிஷ்கினுக்குத்தான் வரும். இது ஷெர்லாக் ஹோம்ஸின் வாரிசு என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ‘அஞ்சாதே’யில் வில்லனாக மிரட்டிய பிரசன்னாவைக் கூட்டிவந்து ஹோம்ஸின் கூட்டாளி வாட்சன் இடத்தில் உட்கார வைத்தார். பாக்யராஜ் என்றால் சிரிப்பு என்று பழகிய நம்மை, அவர் முகத்தைப் பார்த்தாலே சங்கடப்பட வைத்தார். ‘பிசாசு’ படத்தில் அறிமுகமான இசையமைப்பாளர் அரோல் கொரேலியின் வயலின், டூயட்டுக்கு எல்லாம் இடம் இல்லாத இந்தப் படத்தில் நன்றாகவே மூச்சுவிட்டது. தயாரிப்பாளரும் விஷாலே. தன் பணத்தைப் போட்டு எடுக்கும் ஒரு நட்சத்திரம் குத்துப்பாட்டு வேண்டாம் என்று இருந்ததற்கு ஒரு தனிப் பாராட்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு பையன் தான் சேர்த்து வைத்த காசோடு வந்து, என் நாயைக் கொன்றது யார் என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறான். வேலை இல்லாமல் பித்துப் பிடித்தது போல் உலாத்திக்கொண்டிருந்த கணியன் அதை எடுத்துக்கொள்கிறான். தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்களிடம் வருவதும் இப்படித்தான். காணாமல் போன வளையல், கடைக் கல்லாவில் மாதாமாதம் குறையும் பணம், சம்பந்தம் பேசிய பையன் சொன்ன சம்பளம் உண்மையா என்ற சந்தேகம். கொலை கேஸ் எங்கள் வாசலுக்கு வராது. வந்தாலும் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்றுதான் அனுப்புவோம். அதற்குத்தான் எங்களுக்கு அதிகாரமே இல்லையே.

இந்த அதிகார விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. காவலாளி அனுப்பும் செக்யூரிட்டி நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது. துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவே இல்லை. ஆக, நான் கம்பெனியைப் பதிவு செய்திருக்கிறேன், ஜிஎஸ்டி கட்டுகிறேன், அவ்வளவுதான். கணியனுக்கு மாதிரி காவல்துறை எனக்குக் கதவைத் திறந்து வைக்காது. யாருடைய போன் அழைப்புப் பட்டியலையும் நான் வாங்க முடியாது, வாங்கினால் குற்றம். பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்களை நம்பி சில ஏஜென்சிக்காரர்கள் ஜெயிலுக்கே போயிருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் நுழைய முடியாது, போனை ஒட்டுக்கேட்க முடியாது.

‘துப்பறிவாளன்’ வெளியான தேதி 14 செப்டம்பர் 2017. அதற்குச் சரியாக மூன்று வாரம் முன்னால், ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு எழுதினார்கள். கணியன் எதிரே நிற்பவரைப் பார்த்த மாத்திரத்தில் வரலாறு சொல்லும்போது தியேட்டர் கைதட்டியது. நாங்களோ, இனி எதையெல்லாம் செய்யக்கூடாது என்று வக்கீலிடம் பட்டியல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இத்தனையும் கழித்தால் எங்களுக்கு மிச்சம் கண்ணும் காலும்தான். பொது இடத்தில் நின்று, யார் கண்ணிலும் படாமல், மணிக்கணக்காகப் பார்ப்பது. அதனால்தான் மல்லிகா விஷயம் என்னை உறுத்துகிறது.

அவள் யார்? பிக்பாக்கெட். கூட்டத்தில் கரையத் தெரிந்தவள். எவன் எந்தப் பாக்கெட்டில் பர்ஸ் வைத்திருக்கிறான், எப்போது கவனம் சிதறும், எந்தப் பக்கமாக நழுவலாம் என்று ஒரு பார்வையில் கணக்குப் போடுகிறவள். எங்கள் தொழிலில் ஒரு ஆளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பேர்ப்பட்டவள் தானாகக் கையில் வந்து விழுகிறாள். கணியன் என்ன செய்கிறான்? வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறான். எதிரே வருபவனின் செருப்பைப் பார்த்தே ஜாதகம் சொல்கிற அறிவாளிக்கு, தன் வீட்டைக் கூட்டிக்கொண்டிருப்பவள் யார் என்று தெரியவில்லை. அவளும் திட்டு வாங்கி, மனம் உருகி, கடைசியில் உயிரை விட்டு நாயகனின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகிறாள். அதே படத்தில் வில்லன் கும்பலில் இருக்கும் ஆண்ட்ரியா பைக்கில் பறக்கிறார், கொல்கிறார், ஏமாற்றுகிறார். பெண்ணால் முடியும் என்று மிஷ்கினுக்குத் தெரியாமல் இல்லை. வில்லன் கும்பலுக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது!

எங்கள் ஆபீஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாரையும் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு வரன் விசாரணை. பையன் ஐடி கம்பெனியில் வேலை, தரமணிப் பக்கம். காலையில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை டேக் மாட்டிக்கொண்டு கிளம்புகிறான், மாலையில் களைத்து வருகிறான், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். முதலில் அனுப்பிய ஆண் ஊழியர், ஆள் பறக்கும் ரயில் ஏறுவது வரை பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று ரிப்போர்ட் எழுதத் தயாராகிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பெண் ஒருத்தியை ரயிலில் ஏற்றினேன். முன்பு அவள் துணிக்கடையில் சேல்ஸில் நின்றவள். யார் வாங்க வந்தவர், யார் ஏசியில் நிற்க வந்தவர் என்று பார்த்தே பழகிய கண்.

அவள் கவனித்தது இதைத்தான். அந்த ரயிலில் டேக்கைப் பையில் வைத்திருந்தவர்கள், இறங்கும் இடம் நெருங்க நெருங்க எடுத்துக் கழுத்தில் மாட்டினார்கள். இவன் மட்டும் கோட்டூர்புரம் வருவதற்கு முன்னால் கழற்றி, நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தான். தரமணிக்கு இன்னும் நாலைந்து ஸ்டேஷன் இருக்கிறதே! இவளும் பின்னாலேயே இறங்கினாள். அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனான். போட்டித் தேர்வுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்தான். மறுநாளும் அப்படித்தான். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை. சுற்றி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே இவளும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த ஆண் ஊழியர் உட்கார்ந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள்தான், ஆனால் அவர் அந்த டேக்கைக் கவனித்திருக்க மாட்டார்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்றுதான் எங்களுக்குள் சண்டை. அவன் கெட்டவன் இல்லை. பெண் வீட்டார் கேட்டது வேலை இருக்கிறதா என்று. இல்லை என்று எழுதினோம், நூலகத்தை எழுதவில்லை. அது அவன் சொந்த விஷயம் என்று நான் முடிவெடுத்தேன். அப்படி விட்டது தொழில் தர்மமா இல்லையா என்று இன்றும் ஆபீஸில் இரண்டு கட்சி.

இதில் துப்பாக்கி இல்லை, கழுத்துச் சுளுக்கு மட்டும் உண்டு. வெயிலில் ஸ்கூட்டரில் காத்திருக்கிற பெண்ணுக்கு முதல் பிரச்சினை பாத்ரூம், இரண்டாவது அபார்ட்மெண்ட் வாட்ச்மேன். யாரைம்மா பார்க்கணும் என்று கேட்பவருக்கு உடனே ஒரு பதில் வேண்டும், அரை விநாடி யோசித்தால் போச்சு. அதே இடத்தில் ஒரு ஆண் ஒரு மணி நேரம் நின்றால் தெருவே சந்தேகப்படும். பெண் நின்றால் பிள்ளையின் ஸ்கூல் வேனுக்கு நிற்கிறாள் என்று அவர்களே காரணம் கற்பித்துக்கொள்வார்கள். அப்புறம், படம் பிடித்தோம் என்பதோடு வேலை முடியாது. வழக்கு கோர்ட்டுக்குப் போனால் எந்தக் கருவியில் எடுத்தது, எப்படி நகல் எடுத்தது என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வதும் அந்த ஸ்கூட்டர் பெண்தான்.

லண்டனில் படப்பிடிப்பு தொடங்கிய இரண்டாம் பாகம், இயக்குநரும் நாயகனும் பிரிந்ததில் இழுத்துக்கொண்டே போனது எல்லோருக்கும் தெரியும். அதில் யார் பக்கம் நியாயம் என்பது எனக்குத் தேவையில்லாத வேலை. ஆனால் இவர்களோ வேறு யாரோ இன்னொரு துப்பறியும் படம் எழுத உட்கார்ந்தால், நாயகனின் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை ஒரு தடவை தெருவுக்கு அனுப்பிப் பார்க்கட்டும். கதை எழுதுகிறவர்கள் எங்கள் பெண்களோடு ஒரு வாரம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரலாம், ஹெல்மெட் நாங்களே தருகிறோம். கிளையன்ட் பெயர் மட்டும் கேட்கக் கூடாது.

தொழில் கருதி என் பெயரைப் போடாமல் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தனியார் துப்பறிவாளர்,
சென்னை.