தாம்பரத்துக்கு ஒரு காட்சிக்கூடம்

ஆசிரியருக்கு,

சென்னையில் வேலை பார்ப்பவர்கள் வந்து படுத்துறங்கும் ஊர் என்றே தாம்பரத்தைப் பலரும் நினைக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக இங்கே வாழும் எனக்கு இது வேதனை தருகிறது.

2021-ல் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்துடன் இணைந்தன. அந்தப் பல்லாவரத்தில்தான் 1863-ல் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்ததற்கான சான்றுகளைத் தேடும் ஆய்வுக்கே அது வழி திறந்தது. ஆனால் இதே ஊரில் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? என் பேத்திக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரில் சேலை நெய்கிறார்கள். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் இங்கே இடம் பெயர்ந்து வந்தது. அதன் காட்டு வளாகம் இன்றும் புள்ளிமான்களின் வீடு.

கற்கருவி முதல் கைத்தறி வரை இவற்றையெல்லாம் காட்டும் ஒரு சிறு காட்சிக்கூடத்தை, ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில், மாநகராட்சி அமைத்துத் தர வேண்டும்.

– ஒரு வாசகர், செம்பாக்கம்