கல்வெட்டுக்குக் கீழே நிற்கும் இயந்திரம்: எங்கள் ஊர் ரோட்டரி அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும், வரும் ஜூலை 1ஆம் தேதி சங்கத் தலைவராகப் பொறுப்பேற்கவிருக்கும் அன்பருக்கும் வணக்கம்.

நான் உங்கள் சங்கத்தின் உறுப்பினன் அல்லன். உங்கள் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணி முறைக்கு என் தம்பியை அழைத்து வருபவன். வெளியில் கேட்கும் தொகையில் பாதிக்கும் குறைவாக நீங்கள் வாங்குவதால்தான் அவனால் வாரம் தவறாமல் வர முடிகிறது. பின்னால் எழுதப்போவது குறையாகத் தோன்றக்கூடும் என்பதால் இந்த நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மையத்தில் உள்ள நான்கு இயந்திரங்களில் ஒன்று ஐப்பசி மழையின்போது நின்றுபோனது; இன்றுவரை வெள்ளைத் துணி போர்த்தி ஓரமாக நிற்கிறது. அதற்கு நேர் மேலே, உதவிய வெளிநாட்டுச் சங்கத்தின் பெயரும் அந்த ஆண்டுத் தலைவரின் பெயரும் பொறித்த கல்வெட்டு மட்டும் நாள்தோறும் துடைக்கப்பட்டுப் பளபளக்கிறது. டெக்னீஷியனிடம் கேட்டேன். "சர்க்யூட் போர்டு போயிருச்சு சார். மாத்தணும்னா எந்தக் கணக்குல எழுதறதுன்னுதான் தெரியல" என்றார். அவர் மீது தவறில்லை. அப்படியொரு கணக்கே இல்லை என்பதுதான் சிக்கல்.

இயந்திரம் வாங்க ரோட்டரி தரும் குளோபல் கிராண்ட் என்ற மானியம் எப்படி வருகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குத் தரும் பணம் மூன்றாண்டுகள் முதலீட்டில் இருந்து, ஏறத்தாழப் பாதி உங்கள் ரோட்டரி மாவட்டத்துக்குத் (பல சங்கங்கள் சேர்ந்த பிரிவு) திரும்புகிறது. அதனுடன் வெளிநாட்டுச் சங்கத்தின் பங்கும் ரோட்டரியின் உலக அளவிலான அறக்கட்டளையான ரோட்டரி ஃபவுண்டேஷனின் பங்கும் சேர்கின்றன. அந்தப் பணம் இயந்திரத்தை வாங்கித் தரும். ஆனால் மையத்தின் அன்றாடச் செலவை ஆண்டுக்கணக்கில் சுமக்காது. அது உள்ளூர் அறக்கட்டளையின் பொறுப்பு.

டயாலிசிஸில் அன்றாடச் செலவு சிறிதன்று. இயந்திரத்தில் டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரம் ஓடினால், ஒருவருக்கு ஒரு முறைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீர் இந்தக் கணக்கில் சேராது. கரி வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாமல் நீரில் குளோரின் தங்கிவிட்டால், நோயாளியின் சிவப்பணுக்கள் சிதையும். ஆகவே வடிகட்டியும் ஆர்.ஓ. கருவியின் மெம்பரேனும் (சவ்வு) மாற்றிய நாள், நீரைச் சோதித்த நாள், ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்பிய நாள் ஆகியவைதான் அங்கே படுத்திருப்பவர்களின் உயிரைக் காக்கும் தேதிகள். இவற்றில் ஒன்றுகூட எந்தக் கல்வெட்டிலும் ஏறுவதில்லை.

தலைவர் ஆண்டுதோறும் மாறுவது உங்கள் மரபு. அதில் நன்மையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு புதிய தலைவரும் தம் ஆண்டுக்கென ஒரு புதிய திட்டத்தைத் தேடும்போது, முந்தைய ஆண்டின் திட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நடுவிலே விழுந்துவிடுகிறது. தலைவர் பதவி ஓராண்டு, அறக்கட்டளை நிலையானது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அறங்காவலர்களே என்பது என் கருத்து.

ஒரே வேலையை விடாமல் செய்வது உங்கள் இயக்கத்துக்குப் புதிதும் அன்று. போலியோ ஒழிப்பை ரோட்டரி 1985இல் கையிலெடுத்தது. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ் 2014 மார்ச் 27இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகளில் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! சொட்டு மருந்து முகாம் மாறவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, டயாலிசிஸ் மையத்துக்கென ஒரு பராமரிப்பு நிதியைத் தனிக் கணக்காகத் தொடங்குங்கள். எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், ரோட்டரி ஃபவுண்டேஷனின் வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது. அப்போதைய ரோட்டரித் தலைவர் ஆர்ச் கிளம்ஃப் 1917இல் முன்வைத்த அறநிதி யோசனைக்கு அடுத்த ஆண்டு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் நடந்த ரோட்டரி மாநாட்டுச் செலவு போக மீந்த பணம். உங்கள் பதவியேற்பு விழாவிலும் சால்வை, நினைவுப் பரிசு, இரவு விருந்து எல்லாம் போக ஏதாவது மிஞ்சும். மிஞ்சாவிட்டால் சால்வைகளைக் குறைத்துக்கொள்ளலாம். இனி எந்தப் புதிய இயந்திரம் வாங்கினாலும், ஐந்தாண்டுப் பராமரிப்புக்கான தொகையையும் கையோடு இந்தக் கணக்கில் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, வடிகட்டி மாற்றிய தேதியையும் நீர்ச் சோதனையின் முடிவையும் மையத்தின் வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வையுங்கள். சாக்பீஸ் எழுத்து போதும், கல்வெட்டு வேண்டாம்.

விழாவுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மையத்துக்கு வாருங்கள். மூன்று இயந்திரங்களுக்கு ஐந்து பேர் காத்திருப்பார்கள். என் தம்பி ஜன்னலோரக் கட்டிலில் இருப்பான். துணி போர்த்திய இயந்திரம் அவனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
மையத்தின் வராந்தாவில் காத்திருக்கும் ஓர் அண்ணன்