இறுதி ஆட்டம் ஆடிய இரண்டு அணிகளிடம் மட்டுமே தோற்றது இந்தியானா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இறுதி ஆட்டம் 2025 ஜனவரி 20ஆம் தேதி அட்லாண்டாவில் முடிந்ததையொட்டித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் இருக்கிறாரே என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வந்தவள், கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். நான்கு அணிகள் ஆடிய பிளே ஆஃப் என்ற பட்டத்துக்கான சுற்றைப் பன்னிரண்டாக ஆக்கியதால்தான் இந்தியானா மாதிரித் தகுதியில்லாத அணிகள் உள்ளே வந்தன என்று எழுதியிருக்கிறார். நான் இருபது வருடமாகப் புளூமிங்டனில் இருக்கிறேன். இந்தியானா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் இது. அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கால்பந்து நம் ஊரில் ஆடுகிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். நான்காவது வாய்ப்பில் நம்பிக்கை இல்லையென்றால் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் முதலில் இவ்வளவுதான் தெரியும். சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் இரண்டு சீசன் டிக்கெட் வாங்குவார். கூட வர ஆள் கிடைக்காது. அப்படித்தான் நான் போனேன்.

ஆள் ஏன் கிடைக்காது என்றால், இந்தியானா தோற்கும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் நிலைப் பிரிவில் 700 தோல்விகளைத் தாண்டி, வேறெந்த அணியையும்விட அதிகமாகத் தோற்ற அணி என்ற பெயரோடுதான் 2024 சீசனுக்குள்ளேயே வந்தது. ஊருக்குக் கூடைப்பந்துதான் உயிர். அதில் ஐந்து முறை தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கால்பந்து நாளில் மைதானத்துக்கு வெளியே புல்வெளியில் வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, தின்று குடித்துவிட்டு, ஆட்டம் பாதி முடிவதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது கால் பகுதியில் எங்கள் வரிசையில் நானும் பெரியவரும் சுண்டல் டப்பாவும் மட்டும் இருந்த நாட்கள் எத்தனையோ. அவர் இங்கே மாணவராக இருந்த 1967இல் இந்தியானா, கலிபோர்னியாவில் நடக்கும் பெயர்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. அன்று முதல் அவர் காத்திருந்தார்.

2023இல் 12 ஆட்டத்தில் 3 வெற்றி. பயிற்சியாளரை மாற்றினார்கள். வந்தவர் கர்ட் சிக்னெட்டி. அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், தானே ஓர் அணியை நடத்த வேண்டும் என்று குறைந்த சம்பளத்துக்கு இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்குப் போனார். அது பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் இந்தியானா என்ற ஊரின் பல்கலைக்கழகம். அவருடைய அப்பாவும் பயிற்சி கொடுத்த இடம். அங்கிருந்து ஈலான் பல்கலைக்கழகம், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம், கடைசியாக எங்கள் ஊர். எப்படி இந்த அணிக்கு ஆட்களைச் சேர்ப்பீர்கள் என்று நிருபர்கள் கேட்டபோது, நான் ஜெயிக்கிறவன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். பெரியவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இங்கே வந்த எல்லாரும் முதல் வருடம் இப்படித்தான் பேசினார்கள் என்றார்.

அக்டோபரில் அவரே மாறிவிட்டார். வெஸ்டர்ன் இல்லினாய்ஸை 77க்கு 3. யூசிஎல்ஏ என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக அணியை அவர்கள் ஆடும் ரோஸ் பவுல் மைதானத்துக்கே போய் 42க்கு 13. நெப்ராஸ்காவை 56க்கு 7. அந்த நெப்ராஸ்கா ஆட்டத்தில்தான் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற வீரர், கர்டிஸ் ரூர்க்குக்குப் பந்து எறியும் கையின் கட்டைவிரலில் அடிபட்டது. அறுவை சிகிச்சை. இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம். அடுத்த வாரம் வாஷிங்டனுக்கு எதிராக மாற்று வீரர் டேவன் ஜாக்சன் இறங்கி 31க்கு 17 என்று ஜெயித்துக் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் ரூர்க் திரும்பி வந்துவிட்டார்.

நவம்பர் 9ஆம் தேதி மிச்சிகன் வந்தது. முந்தைய வருடத்துத் தேசியச் சாம்பியன். 20க்கு 15. கடைசி நிமிடங்களில் ஒருவர்கூட உட்காரவில்லை, ஒருவர்கூட வெளியே போகவில்லை. பத்து ஆட்டம், பத்து வெற்றி. இந்த அணி அதற்கு முன் எந்த வருடமும் பத்து வெற்றியைத் தொட்டதே இல்லை. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38க்கு 15 என்று தோற்றோம். முதல் டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கிற ஆறு புள்ளி, நம்முடையது. ஆனால் உதைக்க வேண்டியவர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார், அவர்கள் ஒரு முறை நாம் உதைத்த பந்தைப் பிடித்து ஒரே ஓட்டமாக எல்லைக்குக் கொண்டுபோனார்கள், ரூர்க் ஐந்து முறை பந்தோடு மடக்கப்பட்டார். நம்மைவிட நல்ல அணி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கழித்து பர்டியூ. இது மாநிலத்துக்குள் பங்காளிச் சண்டை. பரிசு ஒரு பழைய மர வாளி. 1925லிருந்து ஜெயிக்கிற அணியின் எழுத்தை உலோகத்தில் செய்து அந்த வாளியின் சங்கிலியில் கோத்துவருகிறார்கள். 2019க்குப் பிறகு வாளி எங்கள் பக்கம் வரவில்லை. அன்று 66க்கு 0. அந்த வாளிக்காக இரண்டு அணிகளும் ஆடியதில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அதற்கு முன் இல்லை. விரல் விறைக்கிற குளிர். வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு முறை சொன்னேன். வீரர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும் வரை பெரியவர் அசையவில்லை.

இப்போது கட்டுரையாளரின் வாதத்துக்கு வருகிறேன். இந்தியானா மோதிய அணிகளில் பல பலவீனமானவை என்பது உண்மை. யாரோடு ஆடுவது என்ற அட்டவணையை வீரர்கள் போடுவதில்லை. வந்தவர்களை அடித்தார்கள், அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று டச்டவுனுக்கு மேல் வித்தியாசத்தில். டிசம்பர் 20ஆம் தேதி பிளே ஆஃபின் முதல் சுற்றில், நோட்டர் டேமின் சொந்த ஊரான சவுத் பெண்டில் அந்த அணியிடம் 27க்கு 17 என்று தோற்றதைத்தான் அவர் சான்றாகக் காட்டுகிறார். அந்த முதல் சுற்றின் நான்கு ஆட்டத்திலும் வெளியூரிலிருந்து போன அணிதான் தோற்றது. டென்னசி 25 புள்ளியில் தோற்றது, எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) 28 புள்ளியில், கிளெம்சன் 14 புள்ளியில். இந்தியானா 10. கடைசி இரண்டு நிமிடத்தில் எடுத்த இரண்டு டச்டவுன்தான் அந்த வித்தியாசத்தைக் குறைத்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஆட்டம் முடியும் வரை ஓடிய அணியின் கணக்கிலிருந்து அந்தப் புள்ளிகளைக் கழிக்க முடியாது.

அந்த ஆட்டத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. முதல் கால் பகுதியில் ரூர்க் எறிந்த பந்தை நோட்டர் டேம் தன் எல்லைக்கருகில் பிடித்துக்கொண்டது. அடுத்த வாய்ப்பிலேயே அவர்களுடைய ஜெரமையா லவ் 98 யார்டு ஓடி டச்டவுன் எடுத்துவிட்டார். அது போகட்டும். நான்காவது கால் பகுதியில் 20க்கு 3 என்று பின்தங்கி நிற்கும்போது சிக்னெட்டி பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுத்தாரே, அதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. இழக்க என்ன இருந்தது? வருடம் முழுவதும் துணிந்து ஆடிய அணியை அந்த நேரத்தில் துணிய விட்டிருக்க வேண்டும்.

இந்தியானாவைத் தோற்கடித்தவர்கள் இரண்டே பேர். நோட்டர் டேம் அதற்குப் பிறகு ஜார்ஜியாவையும் பென் ஸ்டேட்டையும் வீழ்த்தி இறுதி ஆட்டத்துக்குப் போனது. அங்கே எதிரே நின்றது ஒஹாயோ ஸ்டேட். ஒஹாயோ ஸ்டேட்தான் 34க்கு 23 என்று சாம்பியன் ஆனது. அதாவது, தங்கள் கட்டுரை கொண்டாடிய அந்த இரண்டு அணிகளைத் தவிர வேறு யாரிடமும் இந்தியானா தோற்கவில்லை. 11 வெற்றி, 2 தோல்வி. இதற்கும் மேல் என்ன தகுதி வேண்டும்?

ரூர்க்கைப் பற்றிய செய்தி இந்த மாதம்தான் வெளியே வந்தது. சீசன் தொடங்குவதற்கு முன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டதாம். அந்தக் காலோடு 3,042 யார்டு எறிந்திருக்கிறார், 29 டச்டவுன். காலையில் ஏழு மணிக்குப் பெரியவர் போன் செய்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் இருக்கைக்கு ஏற அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். “அந்தக் காலோடவா அந்தப் பையன் ஓடினான்” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்த சீசனுக்குக் கீழ் வரிசையில் இடம் வாங்கலாம், படி குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டார். பழைய இடங்களையே புதுப்பித்திருக்கிறோம். 2025 ஆகஸ்ட் 30ஆம் தேதி ஓல்டு டொமினியனுடன் முதல் ஆட்டம். தங்கள் கட்டுரையாளர் அந்தச் சமயம் அமெரிக்காவில் இருந்தால் வரச் சொல்லுங்கள். மூன்றாவது டிக்கெட் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
புளூமிங்டன், இந்தியானா