காரணம் சொல்லத் தெரியாத பயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்

நீலகிரி மாவட்ட வருவாய்த் துறை அலுவலர்களுக்கும், ஊர்தோறும் பேரிடர் நேரத்தில் முதலில் உதவ வரும் முதல்நிலைப் பொறுப்பாளர்களாக இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. மழைக்கு முந்தைய கூட்டங்களைத் தொடங்கியிருப்பீர்கள். மாவட்டத்தில் 283 இடங்களை மழை, மண்சரிவு அபாயப் பகுதி என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். மணல் மூட்டை, ஜேசிபி, மரம் அறுக்கும் மிஷின், பள்ளிக்கூடச் சாவி யாரிடம் என்பது வரை பேசுவீர்கள். சரி. நான் எழுத வந்தது வேறொரு விஷயம். அந்தக் கூட்டங்களில் ஒருவர் "மனசு சரியில்லை" என்று சொன்னால் என்ன ஆகிறது?

குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் நான். குடியிருப்பு லயன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாலை, மூன்று நாளாக விடாத மழை. பார்வையிட வந்த அதிகாரியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றோம். கொழுந்து எடுக்கும் பாட்டி ஒருவர், "ஐயா, இன்னைக்கு இங்க படுக்க மனசு ஒப்பலைங்க" என்றார்.

"எங்கேயாவது வெடிப்பு பாத்தீங்களாம்மா?"

"இல்லைங்க."

"புதுசா ஊத்து ஏதாவது?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன?"

பாட்டியிடம் பதில் இல்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் போய் நின்றுவிட்டார்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். அதுவரை எனக்கும் வயிற்றில் ஒரு கலக்கம் இருந்தது. அவர் நிதானமாகத் தலையசைத்ததும் அது அடங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று என்று பிறகு சொன்னார்கள். யாருக்கும் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. அதே மேடு, அதே மழை. எங்கள் மனம் மட்டும் மாறியிருந்தது. விடிவதற்குள் மேல் வரிசையின் மாட்டுக்கொட்டகை மேல் மண் இறங்கியது. பத்தடி தள்ளித்தான் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். பாட்டி முன்னிரவிலேயே மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

ஒரு மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னைக்குச் சாயந்திரம் கதவு சாத்தவே மாட்டேன்னுச்சு சார். மழைக்கு உப்பிருக்கும்னு நெனச்சேன்." மழையில் மரக்கதவு உப்புவது சகஜம்தான். ஆனால் அடிமண் நகர்ந்து நிலை கோணினாலும் கதவு பிடிக்கும். முப்பது மழைக்காலம் அதே கதவைச் சாத்தியவர் அவர். அன்று அது பிடித்த விதம் வேறு என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்கு வரவில்லை.

மனதில் பட்டதையெல்லாம் நம்பிவிடலாமா என்றால், அதையும் பார்த்தோம். மறு வருடம் ஒரு பையன் "ஏதோ நடக்கப் போகுது" என்றான். அரை மணி நேரத்தில் லயன் முழுக்க அதே பேச்சு. பத்துப் பேர் சொன்னதாகத்தான் எல்லோரும் நம்பினோம். பத்துப் பேருக்கும் வந்தது அந்த ஒரே பையனின் போன். குழந்தைகளோடு ராத்திரி முழுக்கப் பள்ளித் தரையில் நடுங்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வருடம் கூப்பிட்டபோது பாதிப் பேர் வரவில்லை.

டேனியல் கானமன் உள்ளுணர்வைச் சந்தேகித்தே பழகிய உளவியலாளர். கேரி கிளைன் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை மதித்து ஆராய்ந்தவர். இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுற்றுச்சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அதை நெடுங்காலம் பழகி, தன் கணிப்பு சரியா தவறா என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் உள்ளுணர்வை நம்பலாம் என்றார்கள். சொல்பவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது அளவுகோல் ஆகாது என்றும் சொன்னார்கள். பாட்டிக்குத் தன் வீட்டு மேட்டைப் பொறுத்தவரை இரண்டும் உண்டு. வருடா வருடம் கசிவும் சின்னச் சரிவும் பார்த்தவர். அதே 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்ணில் புதைந்து செத்தார்களே, அப்படியொரு மழையை வைத்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எந்தப் பெரியவருக்கும் கிடைத்ததில்லை. அங்கே மழைமானியைத்தான் நம்ப வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 144 மாணவர்களிடம் ஊகித்து விடை சொல்ல வேண்டிய கேள்விகளைக் கேட்டு ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். மற்றவர்கள் போட்ட விடையைப் பார்க்கவிட்டதும் விடைகள் ஒன்றையொன்று நெருங்கின. தவறு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அவரவர் நம்பிக்கை கூடிவிட்டது. படித்தபோது எங்கள் லயனின் இரண்டு ராத்திரிகளும் ஞாபகத்துக்கு வந்தன.

அதனால் கேட்கிறேன். களத்துக்கு வரும் அதிகாரி தன் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு முன், ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். பெண்களைக் கட்டாயம் தனியாகக் கேளுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இது உங்களுக்கே தோன்றியதா, யாராவது சொன்னதா என்று கேளுங்கள். இந்த மேட்டில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். காரணம் சொல்லாவிட்டால் விட்டுவிடாமல், "இன்னைக்கு வீட்டுல எது வழக்கம்போல இல்ல?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, மழை விட்டதும் என்ன நடந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நாலைந்து மழைக்காலம் போனால் யார் சொன்னது எத்தனை முறை பலித்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நாற்பது ரூபாய் நோட்டு போதும்.

பாட்டி இப்போதும் அதே லயனில்தான் இருக்கிறார். மண் இறங்கிய பிறகு அவரிடம் இதுவரை யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. இந்த மழைக்கு முன் ஒரு தடவை போய், கதவு சரியாகச் சாத்துகிறதா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் பள்ளி ஆசிரியர்,
குன்னூர் வட்டம்