பலகை வந்தது, ஆள் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் தொடுதிரைப் பலகை வைத்த திறன்மிகு வகுப்பறை திறக்கிற படங்கள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. ரிப்பன் வெட்டி ஆறு மாதம் கழித்து அந்த வகுப்பறை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும். நான் திருவட்டாறு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்கள்.

பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் பழக்குகிற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது; மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், என் மகள் கூட்டல் பழகியது அதில்தான். கூடவே வந்து சேர்ந்த வேலைதான் பிரச்சினை. காலையில் வருகையைக் கல்வித் துறையின் கைபேசிச் செயலியில் போட வேண்டும், அப்புறம் அதே வருகையைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். மதிப்பீடு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் செயலியில். பாடநூல், சீருடை கொடுத்த கணக்கு எமிஸ் என்கிற, பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளத்தில். எங்கள் குழுக் கூட்டத்தின் தீர்மானமும் செயலியில். இது போதாதென்று வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று மாலைக்குள்’ என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். சிக்னல் தேடி ஒரு டீச்சர் சாலை வளைவு வரை போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கிற பள்ளிகளின் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பள்ளிப் பலகையில் கொஞ்ச நாள், தொட்ட இடத்தில் கோடு விழாமல் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை. டீச்சர் யார் யாருக்கோ போன் செய்து பார்த்தார், பிறகு கரும்பலகைக்கே திரும்பிவிட்டார். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன்தான் பலகையின் செட்டிங்ஸுக்குள் போய், திரையில் வந்த புள்ளிகளை வரிசையாகத் தொட்டுச் சரி செய்தான். அவ்வளவுதான் வேலை. பயிற்சி கொடுத்தோமே என்று அதிகாரிகள் சொல்வார்கள். பயிற்சி நடந்தது உண்மை. வேறோர் இடத்தில், வேறொரு பலகையில், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து. தன் வகுப்பில் தன் பலகை மக்கர் பண்ணும்போது டீச்சர் யாரைக் கூப்பிடுவது? அதிலும் இது இடவப்பாதியிலும் ஐப்பசியிலும் மழையும் இடியுமாகக் கிடக்கிற ஊர். வானம் கறுத்தாலே முதலில் பிளக்கைப் பிடுங்குகிறோம்.

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போனால் வேறு ஏற்பாடு. கேரளத்தில் பள்ளிக்கூடத் தொழில்நுட்பத்தைக் கவனிக்கவே ‘கைட்’ என்று ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. அதன் கீழ் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்களை உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். பிள்ளைகளே கணினி, புரொஜெக்டர் பராமரிப்பைக் கற்றுக்கொண்டு தங்கள் வகுப்பறைகளைப் பார்த்துக்கொள்ள உதவுகிறார்கள். எல்லையின் இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் அது கைவராதா என்ன? நம் மாவட்டத்தில் தொடக்கப் பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர் குறைவு. பொறுப்புள்ள ஓர் ஆசிரியருடன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் மாதம் ஒருமுறை வந்து பார்த்தாலே பாதி சிக்கல் தீரும்.

மீதிப் பாதிக்குச் சம்பளத்துக்கு ஆள்தான் வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கென்று ஓர் ஆள் இருக்கிற நடுநிலைப் பள்ளிகளில் எமிஸ் வேலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். ஈராசிரியர் பள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்று போட்டு, வாரம் ஒருநாள் வந்து பதிவேற்றத்தை முடித்துவிட்டு, பலகையையும் டேபையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம். செயலியில் ஏற்றிய விவரத்தைத் தாளிலும் கேட்கக் கூடாது என்று முதன்மைக் கல்வி அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டால் அதற்குக் காசும் ஆகாது.

ஆள் போடும் வரைக்கும், புதுச் செயலி எதையும் பருவத்தின் நடுவில் இறக்காமலாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
திருவட்டாறு வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.