3.4 என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்ட மாநாட்டுக் குழுவுக்கு

நிரலாளர் மாநாட்டின் ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். மாநாடு முடிந்து ஆறு வாரம் கழித்து நீங்கள் பேச்சாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ஆளுக்கு ஒரு எண் இருந்தது: உரையைக் கேட்டவர்கள் ஐந்துக்குப் போட்ட மதிப்பெண்ணின் சராசரி. கூடவே, 3.5-க்குக் கீழே வாங்கியவர்களின் முன்மொழிவு அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படாது என்ற அறிவிப்பு. எத்தனை பேர் மதிப்பெண் போட்டார்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்டால், 'அது உள்பயன்பாட்டுக்கு' என்கிறீர்கள்.

3.4 வாங்கியவரையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் 5, 5, 5, 1, 1 என்று போட்டாலும் 3.4தான், 4, 4, 3, 3, 3 என்று போட்டாலும் 3.4தான். முதல் உரை மூன்று பேருக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இரண்டு பேருக்கு ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. பின்வரிசைக்கு நிரல் வரிகள் தெரியாமல் இருந்திருக்கலாம். 'தொடக்கநிலை' என்று போட்டிருந்ததை நம்பி வந்து ஏமாந்திருக்கலாம். இரண்டாவது உரை யார் மனத்திலும் ஒட்டவே இல்லை. முன்னவர் எழுத்துருவைப் பெரிதாக்கினால் போதும். பின்னவர் உரையையே திருப்பி எழுத வேண்டும். உங்கள் எண்ணைப் பார்த்து யார் எதைத் திருத்துவது? முன்னவருக்கு 1 போட்ட இருவரில் ஒருவர் படிவத்தையே நிரப்பாமல் போயிருந்தால் சராசரி 4 ஆகியிருக்கும். அந்த ஒருவர் படிவத்தை நிரப்பினாரா, தேநீருக்கு ஓடினாரா என்பதில் ஒரு பேச்சாளரின் அடுத்த ஆண்டு நிற்கிறது.

படிவத்தின் கதையும் நீங்கள் அறிந்ததே. க்யூஆர் கோட் கடைசி ஸ்லைடில் வருகிறது. அதை ஸ்கேன் செய்வதற்குள் அடுத்தவர் மடிக்கணினிக்காக ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள். அடித்தள அரங்கில் சிக்னல் கிடையாது. எப்படியோ திறந்தால் 14 கேள்விகள், முதல் நான்கும் சாப்பாடும் டி-ஷர்ட் அளவும். ஐந்தாவது: 'உரை தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததா?' தெளிவாக இருந்து பயன்படாமல் போன உரைக்கு எதைத் தட்டுவது? நட்சத்திரம் முன்கூட்டியே 3-இல் நிற்பதால், தொடாமல் அனுப்பினாலும் 3 பதிவாகிறது. 'பேச்சாளரின் துறையறிவு' என்றொரு கேள்வி வேறு. கார்பேஜ் கலெக்டர் (நிரலுக்கு இனி வேண்டாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் பகுதி) பற்றி முதன்முறை கேட்பவர் அதை எதை வைத்து அளப்பார்? குரல் கணீரென்று இருந்தால் 5. மைக் இரைந்ததும் ஏசி நின்றதும்கூடப் பேச்சாளர் கணக்கில்தான் ஏறுகின்றன. அரங்குக்கென்று தனிக் கேள்வி கிடையாது.

நாங்கள் கேட்பது இதுதான்: எத்தனை பேர் பதில் தந்தார்கள், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எத்தனை பேர், அவர்கள் எழுதிய வரிகள். இவை 48 மணி நேரத்துக்குள் பேச்சாளர் கைக்கு வர வேண்டும்.

ஸ்பான்சர் உரைகளுக்குப் படிவமே இல்லாததையும் கவனித்தோம். நாற்பது நிமிடம் மேடையில் நின்று பொருள் விற்றவருக்குப் பரீட்சை கிடையாது. சொந்தச் செலவில் ரயிலேறி வந்தவருக்கு மட்டும் தேர்ச்சி மதிப்பெண். விளம்பரத்துக்குச் 'சிறப்புரை' என்று பெயர் வைப்பதைப் பற்றித் தனி மடலே எழுதலாம். பொறுத்தருள்க, கேட்க வந்ததற்கே திரும்புகிறோம்.

லண்டன் க்யூகான், ஓஸ்லோ என்டிசி ஆகிய நிரலாளர் மாநாடுகளில், உரை பிடித்திருந்தால் பச்சை, சுமாரென்றால் மஞ்சள், பிடிக்காவிட்டால் சிவப்பு என்று வாசலில் உள்ள பெட்டியில் அட்டை போடச் சொன்ன வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. 200 பேர் அரங்குக்கு நிறத்துக்கு 25 ஏ4 தாள், ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினால் 200 அட்டை. பின்புறம் ஒரே கேள்வி: 'எந்த இடத்தில் புரியாமல் போனது?' கூடவே நாலைந்து பென்சில். பெட்டி கதவுக்கு வெளியே இருக்கட்டும். பேச்சாளர் பார்க்கும்போது சிவப்பு போட யாருக்கும் கை வராது. உரை தொடங்கிப் பத்தாவது நிமிடம் ஒரு தன்னார்வலர் தலை எண்ணட்டும். உள்ளே எத்தனை பேர் என்று தெரியாவிட்டால் 30 பச்சைக்குப் பொருளில்லை. உரைக்கு உரை பெட்டியைக் காலி செய்து, கவர்மேல் நேரத்தையும் பேச்சாளர் பெயரையும் எழுதுங்கள். மறந்தால் முந்தையவரின் சிவப்பு அடுத்தவர் தலையில் விழும். கடைசி நேரத்தில் அரங்கு மாறியிருந்தால் அச்சிட்ட அட்டவணையை நம்ப வேண்டாம். மேடையில் நின்றவர் யார் என்று பாருங்கள். எழுதாத அட்டைகள் அடுத்த உரைக்கு ஆகும், எழுதியவை பேச்சாளருக்கு.

பெண் பேச்சாளர்களின் உடை, உச்சரிப்பு பற்றிய வரிகளை ஒருவர் படித்து நீக்கட்டும். 'டெமோ மூன்று முறை விழுந்தது, ஒத்திகையே பார்க்கவில்லை' என்பதில் கை வைக்காதீர்கள். கசந்தாலும் எங்களுக்கு வேண்டியது அந்த வரிதான்.

இந்த ஆண்டின் பதில்கள் இன்னும் உங்கள் விரிதாளில் இருக்கின்றன. பேச்சாளர் வாரியாக வடிகட்ட ஒரு மாலை போதும். ஆள் இல்லையென்றால் நாங்களே வந்து செய்து தருகிறோம். முன்மொழிவு அழைப்பு திறக்கும் முன் எண்ணிக்கையையும் கருத்துகளையும் அனுப்பிவைக்கும்படியும், அதுவரை 3.5 வரம்பை நிறுத்திவைக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இந்த ஆண்டு மேடையேறிய பேச்சாளர்கள் சிலர்