மத்தியக் கூட்டணி அரசின் தோழமைக் கட்சித் தலைவர்களுக்குக் குப்பத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றின் எல்லைகளும் கூடும் குப்பம் வட்டாரத்தில் தமிழ் பேசி வாழும் வாக்காளர் நான். 2024 ஜூன் 4 அன்று பாரதிய ஜனதாவுக்கு 240 இடங்களே கிடைத்து, மக்களவைப் பெரும்பான்மையான 272ஐ எட்டத் தெலுங்கு தேசத்தின் 16 உறுப்பினர்களும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உறுப்பினர்களும் பிற தோழமைக் கட்சிகளும் தேவைப்பட்டபோது, எங்கள் ஊர் டீக்கடைகளில் எந்தக் கட்சிக்கு எந்தத் துறை என்பதே பேச்சாக இருந்தது. ஜூன் 9 அன்று பிரதமர் உட்பட 72 பேர் பதவியேற்றார்கள். விமானப் போக்குவரத்து தெலுங்கு தேசத்துக்கு என்று தெரிந்ததும் பேச்சும் ஓய்ந்தது.

துறைப் பங்கீட்டோடு கூட்டணி முடிந்துவிடலாகாது. 1996இல் ஐக்கிய முன்னணி என்ற கூட்டணி, ஆட்சியில் சேர்ந்து செய்யப்போவதைச் சொல்லும் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்தது. அம்முன்னணியின் ஒருங்கிணைப்பாளர் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான சந்திரபாபு நாயுடு அவர்களே. வாஜ்பாய் தலைமையிலான கூட்டணி 1998இலும், மன்மோகன் சிங் தலைமையிலான கூட்டணி 2004இலும் அவ்வாறே செய்தன. உங்கள் கட்சிகள் அனைத்தும் ஒப்பமிட்ட அத்தகைய ஆவணத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

எழுதாத வாக்குறுதி என்னவாகும் என்பதை ஆந்திரம் பட்டு அறிந்திருக்கிறது. மத்திய நிதியுதவியைக் கூடுதலாகப் பெற்றுத்தரும் சிறப்பு மாநில அந்தஸ்து, 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் வாய்மொழியாகச் சொன்னதாகவே நின்றது. மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் அது ஏறவில்லை. அந்த ஒரு சொல்லை முன்னிட்டே 2018 மார்ச்சில் தெலுங்கு தேசம் கூட்டணியிலிருந்து விலகியது. அந்த வலியை அறிந்த கட்சியே இம்முறை எழுத்தைக் கேட்க முன்நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த ஆவணத்தில் எங்களுக்கென ஒரு வரி வேண்டும். கர்நாடகத்தில் பிறக்கும் பாலாறு எங்கள் பக்கம் சுமார் 33 கிலோமீட்டர் ஓடித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இங்குள்ள தடுப்பணைகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அணையில் தேங்கும் நீரை நம்பி உழுபவர்கள் எங்கள் ஊரார். வாணியம்பாடியில் அதே நீருக்காகக் காத்திருப்பவர்கள் எங்கள் சம்பந்தி வீட்டார். இவர்கள் இருவரையும் ஒரே மேசையில் நினைத்துப் பார்க்க எந்த மாநில அரசாலும் இயலாது. அதற்கென்றே அரசியலமைப்பின் 263ஆம் பிரிவின்படி மாநிலங்களுக்கிடையேயான மன்றம் 1990இல் அமைந்தது. அதை அமைத்ததும் வி.பி. சிங் தலைமையிலான ஒரு கூட்டணி அரசே. ஆயினும் 2006க்கும் 2016க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அது ஒருமுறையும் கூடவில்லை. அவற்றுள் பெரும்பகுதி கூட்டணி ஆட்சிக் காலம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஆகவே, அம்மன்றம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடும் என்பதையும், பாலாறு போன்ற எல்லை ஆறுகள் அதில் பேசப்படும் என்பதையும் உங்கள் பொதுச் செயல்திட்டத்தில் எழுதி, கட்சித் தலைவர்கள் அனைவரும் கையொப்பமிட்டு, தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குப்பம் வட்டாரத் தமிழ் வாக்காளர்